பதினைந்து எண்ணும் வரை

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்து "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டும். ஆண்கள் ஆண்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு, பிள்ளைகள் யாருக்கு வேண்டுமானாலும். இதற்கு இரண்டு எண்ணும் நேரம் போதும். பாசம் மிகுந்தவர்கள் மூன்று எண்ணும் வரை பிடிப்பார்கள். கம்பவுண்டர் அண்ணன் மட்டும் பதினைந்து எண்ணும் வரை கையை விடமாட்டார். பல ஞாயிற்றுக்கிழமைகள் எண்ணிப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். ஒரே ஒருமுறை பதினான்கு வந்தது. அன்று நான் மெதுவாக எண்ணியிருக்க வேண்டும்.

அவர் கட்டைவிரல் நம் மணிக்கட்டின் உள்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அது நாடி பார்க்கும் பிடி என்பது எனக்கு விளங்கவே ஒரு வருடம் ஆயிற்று. விளங்கிய பிறகு அவரிடம் கை கொடுக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும். "இன்னா நைனா, மாடிப்படி ஏறி ஓடியாந்தியா?" என்பார். எங்கள் சபைக்கு மாடியே கிடையாது.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய குதிரை லாயம் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சபை நடந்தது. யுத்த காலம். நான் படித்து முடித்து, தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சபையில் எனக்குத் தலை எண்ணும் வேலை. ஆண், பெண், பிள்ளைகள் என்று மூன்று பத்தி போட்ட நோட்டில் வாராவாரம் எழுதுவேன். என்னையும் சேர்த்து எண்பத்து மூன்று பேர். அதில் பிள்ளைகள் இருபத்தேழு.

கம்பவுண்டர் அண்ணன் அதே மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தார். டாக்டர் சீட்டு எழுதுவார். இவர் மரத்தடுப்புக்குப் பின்னால் நின்று மருந்தைக் கலக்கிப் பாட்டிலில் ஊற்றுவார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் துண்டை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எண்ணத் தெரியாதவர்கள்கூட அந்தத் தாளை வைத்து எண்ணிவிடலாம். எனக்கு அந்தத் தாள்மேல் தனி மரியாதை உண்டு.

எங்களுடையது பெந்தெகொஸ்தே சபை. வெள்ளைத் துணி உடுத்துவோம், நகை போடமாட்டோம், மருந்து சாப்பிடமாட்டோம். நோய் வந்தால் மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிப்பார். அந்த மூப்பர் என் அப்பா. பள்ளிக்கூட வாத்தியார். குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அதை ஞானஸ்நானம் என்று சொல்வது பொய் என்று சண்டை போட்டு, பரம்பரையாக இருந்த மிஷன் கோவிலை விட்டு எங்களை வெளியே அழைத்து வந்தவர். விவரம் தெரிந்து, தானே கேட்டு, தண்ணீரில் முழுகினால்தான் ஞானஸ்நானம். அதுவரை பிள்ளைகள் பிள்ளைகள்தான், சபையின் அங்கத்தினர் அல்ல. இதை அப்பா மாதம் ஒருமுறையாவது பிரசங்கிப்பார்.

மருந்து கலக்குகிற ஆள் மருந்து சாப்பிடாத சபையில் எப்படி உட்காரலாம் என்ற கேள்வி எழாமல் இல்லை. "பகலெல்லாம் மிக்ஸ்சர், சாயங்காலம் அல்லேலூயாவா?" என்று சில பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் அவர் தன் வாயில் ஒரு சொட்டு மருந்து விட்டதில்லை. அதனால் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருமுறை அவருக்குப் பல்வலி வந்து வலது கன்னம் பந்தாக வீங்கிவிட்டது. பதினோரு நாள் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அம்மாவின் கால்வலித் தைலத்துக்காகப் போயிருந்தேன். (அம்மா தைலம் மருந்தல்ல என்ற கட்சி. அப்பாவுக்குத் தெரியாது.) ஆற்றோரக் குடிசையிலிருந்து வந்த ஓர் அம்மாள் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரைக் கேட்டாள்.

"இன்னா கம்பண்டரே, மூஞ்சி இப்டி கீது? இத்தினி பாட்டில் வெச்சிக்கினு ஒரு பல்லுக்கு மருந்து இல்லியா?"

"உன் பல்லுக்குக் கீது. என் பல்லுக்கு இல்ல."

"அது இன்னா நியாயம்?"

"நான் வாக்கு குடுத்துக்கீறேன். நீ குடுக்கல. வாயத் தொற."

வெளியே வந்ததும் நானும் கேட்டேன். அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "ஞானஸ்நானம் எடுக்கறப்போ கடல்ல நின்னு சொன்னேன், இனிமே மருந்து தொடமாட்டேன்னு. யாரும் சொல்லச் சொல்லல. அலை அடிச்சிக்கினே இருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது. ஆனா சொன்னது நானு. மத்தவனுக்கு நான் எப்டி சொல்றது? அவன் வாயி அவன்து."

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் இந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவன் வாயி அவன்து.

சபையில் பிளவு, அதை நடத்திவந்த பாஸ்டர் வீட்டிலேயே ஆரம்பித்தது. அவருடைய கடைசிக் குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சு முட்டியது. பாஸ்டர் அரைநாள் ஜெபித்துப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்டார்கள், பிழைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவரே எழுந்து, "கர்த்தர் டாக்டருடைய கையைக்கொண்டு குணமாக்கினார்" என்று சாட்சி சொன்னார். அப்பா எழுந்தார்.

"கர்த்தருடைய கை குறுகிப்போயிற்றா பாஸ்டர், டாக்டர் கையைக் கடன் வாங்குவதற்கு?"

"ஐயா, உங்க பிள்ளைக்கு மூச்சு முட்டினா அப்ப பேசுங்க."

"பேசுவேன். இதையேதான் பேசுவேன்."

பிள்ளைக்கு மருந்து கொடுத்தவர் திருவிருந்தில் அப்பம் பிட்கலாமா என்பதுதான் விவாதம். மூன்று மாதத்தில் பதினோரு கூட்டங்கள். இரண்டு பக்கமும் ஒரே வசனத்தை வாசித்தார்கள். எண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறது, மருந்து கொடுக்கச் சொல்லவில்லை என்றார் அப்பா. அந்தக் காலத்தில் எண்ணெய்தானே மருந்து என்றார் பாஸ்டர். பன்னிரண்டாவது கூட்டத்தில், தன்னோடு வருகிறவர்கள் தியாகராய நகரில் ஒரு கொட்டகையில் கூடலாம் என்று பாஸ்டர் அறிவித்தார். பாய்களைப் பிரித்தோம். ஒன்பது பாய்: அவர்களுக்கு ஐந்து, எங்களுக்கு நான்கு. கஞ்சிரா அவர்களுக்குப் போயிற்று. பிரசங்க மேசை எங்களுக்கு. அதில் ஒரு கால் ஆடும்.

கம்பவுண்டர் அண்ணன் பாஸ்டரோடு போவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாஸ்டர் அவருக்குச் சினேகிதர். தவிர, மருந்தை ஒப்புக்கொள்கிற சபையில் அவரை யாரும் கேலி செய்யப்போவதில்லை. அவரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, பசங்க எந்தப் பக்கம் எத்தினி?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "அந்தப் பக்கம் பத்தொன்பது. இங்கே எட்டு."

திரும்பி வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர்களில் இருபத்தொன்பது பேர் போனார்கள், அவரோடு சேர்த்து இருபத்தேழு பேர் தங்கினோம். "துரோகி" என்று பாஸ்டரின் மனைவி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்துக் கடலில் நின்றும் நனையாத சாட்சி என்று அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவரைப் புகழ்ந்தார். அண்ணன் எழுந்து நின்றார். "ஐயா, நான் அதுக்காக உக்காரல" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

எதற்காக உட்கார்ந்தார் என்பதை அன்று மாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது என்னிடம் சொன்னார். "அங்க ஜொரம் வந்தா டாக்டராண்ட இட்டுக்கினு போயிடுவாங்க. எனக்கு அங்க இன்னா வேல? இங்க எட்டுப் புள்ளைங்க கீதுங்க. எது கை சுடுதுன்னு எவன் பாக்கறான்?"

அப்போதிருந்து எட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை போவார். மருந்து எடுத்துப் போகமாட்டார். தண்ணீரைக் காய்ச்சு, ஜன்னலைத் திற, ஈரத்துணி போடு, நாக்கை நீட்டு. இவ்வளவுதான். வெந்நீரை எதிர்த்து அப்பாவுக்கு வசனம் கிடைக்கவில்லை. நிலைமை மோசம் என்று தோன்றினால், "இது என் கைக்கு மேல போயிடுச்சி, டாக்டருக்குக் காட்டினா நல்லது" என்று பெற்றவர்களின் முகத்துக்கு நேராகச் சொல்வார். இரண்டு வீட்டார் கேட்டார்கள். ஒரு வீட்டார் கேட்கவில்லை, ஆனாலும் குழந்தை பிழைத்தது. அவர் அதையும் மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னார்.

அந்த ஐப்பசி மழையில் என் தங்கை எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு வயது பத்தொன்பது. மூன்றாம் நாள் விலாவில் குத்தல் எடுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பத்து நான்கு. அப்பா மூன்று முறை எண்ணெய் பூசிவிட்டார். கம்பவுண்டர் அண்ணன் வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பதினைந்தைத் தாண்டியும் விடவில்லை.

"ஐயா, இது நிமோனியா. டாக்டரு வரணும்."

"பரம வைத்தியர் வந்தாயிற்று" என்றார் அப்பா. அவர் கண் சிவந்திருந்தது. அவருக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் இருவரில் அவளைத்தான் அவருக்குப் பிடிக்கும்.

தெருமுனைவரை ஓடிப்போய் அண்ணனைப் பிடித்தேன். "நிமோனியாவுக்கென்று வந்திருக்கிற அந்தப் புது சல்பா மாத்திரை இருக்கிறதே, கொஞ்சம் கொடுங்கள். பொடி பண்ணிக் கஞ்சியில் கலந்து கொடுத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது."

"அவளுக்கு?"

"அவளுக்கும் தெரியாது."

"அப்ப குடுக்கமாட்டேன்."

"செத்துப்போவாள் அண்ணா!"

"தெரியும் நைனா. உன்னவிட எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அவ வாயில அவளுக்குத் தெரியாம எதையும் போடமாட்டேன். நாளைக்குக் காத்தால வர்றேன். அவளையே கேக்கறேன்."

மறுநாள் காலை டாக்டரிடம் சொல்லி மாத்திரைகளை வாங்கி வந்திருந்தார். கட்டிலைச் சுற்றிச் சபையார் ஆறு பேர் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஏழாவதாக முழங்காலிட்டார். அப்பா ஆமென் சொல்லி முடித்த பிறகு வாயைத் திறந்தார்.

"எஸ்தரு, கண்ணத் தொற. உங்க அப்பா ஜெபிக்கறாரு, அது நல்லது. நானுந்தான் ஜெபிச்சேன். ஆனா என் கைக்குத் தெரிஞ்சத நான் சொல்லணும். உனக்கு நிமோனியா. இங்க மாத்திர கீது. சாப்ட்டா பொழைப்பன்னு சத்தியம் பண்ணமாட்டேன். சாப்பிடலன்னா சாவன்னும் சத்தியம் பண்ணமாட்டேன். வேணுமா, வேணாமா, நீ சொல்லு."

"எழுந்து வெளியே போ" என்றார் அப்பா.

"போறேன் ஐயா. அவ சொல்லட்டும்."

எஸ்தர் அப்பாவைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

"வேணும்."

அப்பா குடையை எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். ஆறு பேரும் பின்னாலேயே போனார்கள். முதலில் நான்கு மாத்திரை, பிறகு நான்கு மணிக்கொருதரம் இரண்டு. அண்ணன் பாட்டில் இல்லாமலேயே தாளில் பல் வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பல்லைக் கிழித்துப் போட்டேன். எட்டாவது பல்லில் வியர்த்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் சபை கூடி அண்ணனை விசாரித்தது.

"என் வீட்டில் நின்று என் விசுவாசத்தை வாக்கெடுப்புக்கு விட்டாயே" என்றார் அப்பா.

"உங்க விசுவாசத்த நான் தொடல ஐயா. அவளோடதக் கேட்டேன்."

"செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல். இத்தோடு விட்டுவிடுகிறோம்."

"பொண்ணு தோ, உயிரோட குந்திக்கினு கீது. தப்புன்னு எந்த வாயால சொல்றது?"

தீர்மானத்தை அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். தவறை ஒப்புக்கொள்ளும்வரை சபை அங்கத்தினர் யாவரும் அவருக்குக் கை கொடுக்கலாகாது. எங்களுக்குள் இருந்த பெரிய தண்டனை அதுதான்.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் வாசலோரம் நின்றார். ஆண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் போனேன், அதை மறைத்துப் பயனில்லை. அப்போது ரூத்து என்ற ஆறு வயதுப் பெண் அவர் முன்னால் நின்று கையை நீட்டினாள். "ஸ்தோத்திரம் மாமா!" அவள் அம்மா பதறிப்போய்ப் பின்னால் இழுத்தாள்.

"இரு சிஸ்டர்" என்றார் அவர். "இது இன்னும் முழுக்கு எடுக்கல. அப்ப அங்கத்தினரு இல்ல. தீர்மானம் அங்கத்தினருக்குத்தான? தம்பி எழுதி வெச்சிக்கீறான், படிக்கச் சொல்லு."

படித்தேன். அங்கத்தினர் என்றுதான் இருந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கும் தீர்மானம் செல்லும் என்றால் பிள்ளைகளும் அங்கத்தினர் என்றாகிவிடும். அப்படியானால் மிஷன் கோவிலை விட்டு அவர் ஏன் வந்தார்? அப்பா பிரசங்க மேசையின் ஆடும் காலுக்கு அடியில் வைத்திருந்த அட்டையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அண்ணன் ரூத்தின் கையைப் பிடித்தார். பதினைந்து. பின்னால் ஏழு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

இப்படியே முப்பத்தோரு ஞாயிறு நடந்தது. பெரியவர்கள் யாரும் கை கொடுக்கவில்லை, அவரும் தவறு என்று சொல்லவில்லை. பாஸ்டர் கோபம் தணிந்து தியாகராய நகரிலிருந்து ஆள் அனுப்பினார். "இங்கே வந்துவிடுங்கள், எல்லோரும் கை கொடுப்போம்" என்று. "அங்க டாக்டர் கீறாரு" என்று இவர் பதில் சொல்லி அனுப்பினார்.

முப்பத்திரண்டாவது ஞாயிறு அவர் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் தேனாம்பேட்டையில் அவர் தனியாகக் குடியிருந்த அறைக்குப் போனேன். பாயில் கிடந்தார். தீர்மானத்தை எழுதிய கையாலேயே அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிஷத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவருடைய டாக்டரிடமே மாத்திரை வாங்கி வந்தேன். கஞ்சியும் வைத்தேன். மாத்திரை ஒரு கையிலும் கஞ்சி ஒரு கையிலுமாகச் சிறிது நேரம் நின்றேன். பொடி செய்து கலந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. இதை எத்தனை தடவை யோசித்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அண்ணா, மாத்திரை இருக்கிறது. வேணுமா, வேணாமா?"

சிரித்தார். "கேட்டியே, அது போதும். வேணாம் நைனா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னிக்கி எத்தினி தல?" என்றார்.

"முப்பத்து மூன்று."

"பசங்க?"

"ஏழு."

"யாரு வரல?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் எண்ணியிருக்கிறேன், யார் வரவில்லை என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஏழு ஏழுன்னு எழுதிக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்? போய்ப் பாரு. என் சைக்கிள எடுத்துக்கினு போ."

"உங்களை இப்படி விட்டுவிட்டா?"

"நான் எங்க போப்போறேன்? போ."

வீடு வீடாகப் போனேன். வராதவள் ரூத்து. அத்தை வீட்டுக்குக் கொட்டிவாக்கம் போயிருக்கிறாள் என்றார்கள். சரி என்று திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் பார் என்று சொல்லியிருந்தார். அடையாற்றைத் தாண்டி, திருவான்மியூருக்கு அப்பால் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவள் வலை காயும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துப் பதினைந்து எண்ணினேன்.

"இன்னா மாமா, கம்பண்டர் மாமா மாதிரியே புடிக்கற?" என்றாள். கை சுடவில்லை.

பொழுது சாயும்போது திரும்பினேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ரூத்துதான். கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். கை சுடவில்லை."

"நாக்கப் பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு இறந்துபோனார்.

அடக்கத்துக்கு இரண்டு சபையாரும் வந்தார்கள். குழியின் இந்தப் பக்கம் நாங்கள் முப்பத்து நான்கு பேர், அந்தப் பக்கம் அவர்கள் நாற்பத்தோரு பேர். அப்பா ஒரு ஜெபம், பாஸ்டர் ஒரு ஜெபம். யாரும் குழியைச் சுற்றிவந்து கை கொடுத்துக்கொள்ளவில்லை. மண் தள்ளும்போது நான் ரூத்தை ஓரமாகக் கூட்டிப்போய் நாக்கை நீட்டச் சொன்னேன். சுத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு முப்பத்து நான்கு தலை. பிள்ளைகள் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள், பெயரோடு எழுதிக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் அப்பா வாசலில் நின்றார். பிள்ளைகளுக்கு அவர் விரல்நுனியால் கை கொடுப்பார், ஒன்று எண்ணுவதற்குள் விட்டுவிடுவார். அன்று ரூத்தின் கையைப் பிடித்தவர் விடவில்லை. நான் எண்ணினேன். ஒன்பது வந்தது. கட்டைவிரலை அவள் புறங்கையில் வைத்திருந்தார். அங்கே நாடி கிடையாது.